மனதின் களைப்பை ஊசி எழுதுமா?
மாணவர்கள் கையால் பழகி அறிய வேண்டிய விஞ்ஞானம்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் போனால் ஸ்ரீபெரும்புதூர் வரும். ராமானுஜர் அவதரித்த தலம் இது. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் கோவிலோடு தொழிற்சாலைகளும் நினைவுக்கு வருகின்றன. 1996-ல் ஹூண்டாய் கம்பெனி இருங்காட்டுக்கோட்டையில் கால் ஊன்றியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் கார் தொழிற்சாலையும், 2012-ல் பாரத்பென்ஸ் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன.

வண்டிகளைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே ஒரகடத்தில் மத்திய அரசு அமைத்த ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பிரேக் பிடிக்கிறதா, மோதினால் உள்ளே இருப்பவர் பிழைப்பாரா என்பதையெல்லாம் யந்திரங்கள் அளந்து சொல்கின்றன.

வண்டியைச் செய்கிறவரின் நிலை என்ன? அதை ஓட்டுகிறவரின் நிலை என்ன?

இரவு ஷிப்டில், விடியற்காலை 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில், மனித உடல் தூக்கத்துக்கு ஏங்குகிறது. அந்த நேரத்தில் "களைப்பாக இருக்கிறதா?" என்று கேட்டால், "இல்லை சார்" என்றுதான் பதில் வரும். வேலை போய்விடுமோ என்ற பயம்! வாய் மறைப்பதை உடல் காட்டிக் கொடுக்குமா? இதை ஆராய்கிற விஞ்ஞானம் ஒன்று உண்டு. மனதில் நடப்பதை நாடித் துடிப்பு, வேர்வை, மூளையின் மின்சாரம் ஆகியவற்றின் மூலம் அறிவது அதன் வேலை.

நம் நாட்டுக்கு இது புதிதல்ல. மனோதத்துவத் துறை கல்கத்தா சர்வகலாசாலையில் 1916-லேயே வந்துவிட்டது. மைசூரில் 1924-ல் மனோதத்துவத் துறை ஏற்பட்டது. சென்னையில் 1943-ல் ஏற்பட்டது.

இருதயம் நின்றதா?

புத்தகம் படித்து மட்டும் இந்த வித்தை வராது. அதற்கு நல்ல உதாரணம், யோகிகள் இருதயத்தை நிறுத்திக் காட்டிய கதை.

1935-ல் தெரேஸ் புரோஸ் என்ற பிரெஞ்சு பெண் டாக்டர், இருதய மின்சாரத்தைப் பதிவு செய்யும் கருவியோடு இந்தியாவுக்கு வந்தார். யோகிகளைச் சோதித்தார். இருதயத் துடிப்பையே அடக்க முடியும் என்ற பேச்சு உலகெங்கும் பரவியது.

1957-ல் அமெரிக்காவிலிருந்து வெங்கர், பாக்சி என்ற இரு விஞ்ஞானிகள் வந்தார்கள். கருவிகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்று யோகிகளைச் சோதித்தார்கள். டெல்லி மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் டாக்டர் ஆனந்தும் அவர்களோடு சேர்ந்து ஆராய்ந்தார். முடிவு 1961-ல் வெளியாயிற்று.

அவர்கள் கண்டது என்ன? யோகி மூச்சை அடக்கி, மார்பையும் வயிற்றையும் இறுக்குகிறார். இருதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. மணிக்கட்டில் நாடி மறைகிறது. தசைகள் எழுப்பும் ஓசையில் இருதய ஒலியும் அமுங்கிப் போகிறது. ஆனால் மின்சாரப் பதிவோ, துடிப்பு நடந்துகொண்டே இருந்ததைக் காட்டியது! யோகி ஏமாற்றவில்லை. நாடியை மட்டும் பிடித்துப் பார்த்தவர்தான் ஏமாந்தார்.

கையால் பழக வேண்டும்

ஆகவே முதுகலை மாணவர் முதலில் தம் கையால் கருவியைப் பூட்டிப் பழக வேண்டும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் இரண்டு சிறு வெள்ளித் தகடுகளை ஒட்டி, உணர முடியாத அளவு மின்சாரம் செலுத்துவார்கள். திடீரென்று ஓர் ஓசை கேட்டால், ஒன்று முதல் மூன்று விநாடிக்குள் விரலில் நுண்ணிய வேர்வை ஊறும். கோடு மேலே எழும்பும்.

அதைக் கண்டு, "ஆகா, பயந்துவிட்டார்!" என்று மாணவர் எழுதிவிடக் கூடாது. இருமினாலும் அதே கோடு எழும்பும். பெருமூச்சு விட்டாலும் எழும்பும். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தாலே அளவு மாறிப்போகும். நம் சித்திரை வெயிலில் மின்விசிறி நின்றுவிட்டால் எல்லாமே வேர்வைதான்!

மூளை மின்சாரமும் அப்படித்தான். கண்ணை மூடி அமைதியாக இருந்தால் விநாடிக்கு 8 முதல் 13 அலைகள் தெரியும். தூக்கம் கவ்வும்போது அவை கலைந்து, 4 முதல் 7 வரையுள்ள மெதுவான அலைகள் தலைகாட்டும். ஆனால் ஒருமுறை கண் சிமிட்டினால் மூளையின் அலையைவிடப் பெரிய அலை பாயும். பல்லைக் கடித்தால் கோடு கிறுக்கலாகும். சுவரில் ஓடும் மின்கம்பிகூட, விநாடிக்கு 50 அலைகளாகப் பதிவில் புகுந்துகொள்ளும். எது மூளை, எது மின்கம்பி என்று பிரித்தறிய, பலமுறை தவறிப் பழகிய கண் வேண்டும்.

இன்னொரு பாடமும் உண்டு. பிறருக்குக் கருவி பூட்டும் முன் மாணவர் தாமே அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். விரலில் கம்பியோடு, பிறர் பார்வையில் இருப்பது எப்படிப்பட்டது என்பது அப்போதுதான் புரியும்.

ஊசியை நம்பித் தண்டனையா?

தவறாகப் படித்தால் என்ன ஆகும்? பொய் கண்டறியும் கருவி அளப்பதும் இதே மூச்சு, ரத்த அழுத்தம், வேர்வைதான். குற்றவாளிக்கும் நெஞ்சு படபடக்கும். போலீசைக் கண்டு நடுங்கும் நிரபராதிக்கும் படபடக்கும். ஊசிக்கு வித்தியாசம் தெரியாது!

'செல்வி எதிர் கர்நாடக அரசு' வழக்கில் 2010 மே 5-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. சம்மதம் இல்லாமல் யாருக்கும் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது என்றது. சம்மதித்தாலும், சோதனையின் முடிவையே சாட்சியமாக ஏற்க முடியாது என்றும் கூறியது.

அதே எச்சரிக்கை தொழிற்சாலைக்கும் தேவை. ஐரோப்பிய நாடுகளில் 2024 ஜூலை முதல், விற்பனைக்கு வரும் புதிய கார்களில் டிரைவரின் தூக்கக் கலக்கத்தைக் கண்டு எச்சரிக்கும் அமைப்பு கட்டாயம். கையில் கட்டும் கடிகாரங்களும் நாடியை அளக்கின்றன. நாளை இவை இரவு ஷிப்டுக்கும் வரலாம். அளவைப் படிக்கத் தெரியாதவர் கையில் அது கிடைத்தால், காய்ச்சலில் துடிக்கும் நாடியை சோம்பேறித்தனம் என்று எழுதிவிடுவார்!

கருவி வாங்கப் பணம் போதும். அதைப் படிக்க ஆள் வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தைவிட இந்தப் பயிற்சிக்கு ஏற்ற இடம் எது? மனோதத்துவ மாணவர்கள் இங்கே வரட்டும். தொழிலாளரின் சம்மதத்தோடு அளந்து பழகட்டும். அந்த அளவைக் கொண்டு ஷிப்டு நேரத்தைத் திருத்தலாம், ஓய்வு நேரத்தைக் கூட்டலாம். களைத்த மனிதரைத் தண்டிக்க மட்டும் அது பயன்படக் கூடாது.