வானத்தில் ஒரு ரீங்காரம்... கீழே எண்ணெய்த் தொட்டி!

மணலி புதுநகருக்குப் பக்கத்திலேயே பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலை, அந்தப் பக்கம் எண்ணூர் துறைமுகம். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் குண்டு வீசியதும் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகள் மீதுதான். அன்று அதற்குப் போர்க்கப்பலே வரவேண்டியிருந்தது. இன்று சின்ன ட்ரோன் போதும். 2021 ஜூன் 27-ல் ஜம்மு விமானப்படைத் தளத்தில் அப்படித்தான் குண்டு விழுந்தது.

தாழப் பறக்கும் ட்ரோனைப் பறவையிலிருந்து பிரித்தறிய ரேடார் திணறும். அதனால் ரேடியோ சிக்னலையும் ஒட்டுக்கேட்கிறார்கள். கேமராவில் உறுதிசெய்து, ஜாமரால் தொடர்பைத் துண்டிக்கிறார்கள். சுட்டு வீழ்த்தலாமே? எல்லையில் சரி. இங்கே அது விழுவது யார் வீட்டு மாடியிலோ, எந்தத் தொட்டியிலோ!

கல்யாணத்துக்கு ட்ரோன் கேமரா பேசியிருக்கிறீர்களா? அரசின் ட்ரோன் வரைபடத்தில் உங்கள் தெருவைப் பாருங்கள். சிவப்பு என்றால், மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது.