பெரியப்பாவின் பண்டும் கணினிக் கடலும்

அமாவாசை, பௌர்ணமி நெருங்கினால் காலைச் செய்தியில் நான் வாசிக்கும் வரி ஒன்று உண்டு: "கிள்ளான் துறைமுகத்தில் கடல்நீர் மட்டம் 5.5 மீட்டர் வரை உயரலாம். கரையோர மக்கள் கவனமாக இருக்கவும்." ஒருநாள் நேயர் ஒருவர் அழைத்தார். "ஏம்மா, அஞ்சரை மீட்டர்னா என் கூரைக்கு மேல தண்ணி நிக்குமே, நாங்க எங்க போறது?" ஒரு பாட்டைப் போட்டுச் சமாளித்தேன். பதில் எனக்கும் தெரியாது.

பள்ளித் தோழி ஒருத்தி கரையோர ஆய்வுகளுக்குக் கணினி மாதிரிகள் செய்கிறாள். அவளிடம் கேட்டேன். அந்த 5.5 வீட்டுத் தரையிலிருந்து அளந்ததல்லவாம். கடல் மிகக் கீழே இறங்கும் மட்டத்தைச் சுழியமாக வைத்து அளந்தது. நேயரைத் திரும்ப அழைத்துச் சொன்னேன். "அப்ப என் வீடு அதுக்கு மேலயா கீழயா?" என்றார். நியாயமான கேள்வி.

எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது. கோல சிலாங்கூர் பக்கம் கடலோரத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே 'பண்டு' என்று அவர் சொல்லும் மண்கரையும், அதற்கு முன்னால் மெலிந்துபோன பாக்காவ் மரவரிசையும்தான். பெரிய ஏற்றத்தின்போது கடல் அவர் வீட்டுத் தரையைவிட உயரத்தில் நிற்கும். ஒரு சனிக்கிழமை தோழியை அங்கே அழைத்துப் போனேன்.

மடிக்கணினியில் மலாக்கா நீரிணை மீன்வலைபோல விரிந்தது. நடுக்கடலில் பெரிய கட்டங்கள், கரையருகே சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு கட்டத்துக்குள் வந்த நீர், ஒன்று அங்கேயே நின்று மட்டத்தை உயர்த்தவேண்டும். இல்லையேல் பக்கத்துக் கட்டத்துக்குப் போகவேண்டும். டென்மார்க்கின் 'மைக் 21', நெதர்லாந்தின் 'டெல்ஃப்ட்3டி' போன்ற மென்பொருள்கள் இந்தக் கணக்கைச் சில விநாடிக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே போகின்றன. ஏற்றத்தில் கடலாகவும் இறக்கத்தில் நிலமாகவும் மாறும் சேற்றுவெளிக் கட்டங்கள்தான் தலைவலி. நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தாகவேண்டும்.

நீர்மட்டம் அவளுக்குப் பெரிய விஷயமில்லை. நிலவும் சூரியனும் நேரம் தவறுவதில்லை. சேறு அப்படியா? மணல் என்றால் பருமனை வைத்து அது மூழ்கும் வேகத்தைச் சொல்லிவிடலாம். சேற்றுத் துகளோ 0.063 மில்லிமீட்டருக்கும் சிறியது. உப்புநீரில் ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சுபோலத் திரண்டு, நீரோட்டம் ஓயும் நேரம் பார்த்து இறங்குகிறது. இன்று படிந்தது கஞ்சி மாதிரி. அடுத்த ஏற்றமே கலக்கிவிடும். கொஞ்ச நாள் தொந்தரவில்லாமல் கிடந்தால் இறுகிவிடும், அப்புறம் லேசில் கரையாது.

"நீர்மட்டம் ஒரு சாண் தவறினாலே கணக்கைத் திரும்பப் போடுவேன். சேற்றுல ரெண்டு மடங்குக்குள்ள வந்தா கோயில்ல தேங்காய் உடைப்பேன்" என்றாள்.

20 வருடத்துக் கணக்கை அப்படியே ஓட்ட நேரம் போதாது என்பதால், ஒவ்வோர் அடியிலும் தரை மாறும் அளவைப் பத்து, இருபது மடங்காகப் பெருக்கி ஓட்டுவார்களாம். தவறும் கூடவே பெருகும். (இதைக் கேட்டதும் எனக்கு லேசாக வயிற்றைக் கலக்கியது.)

இந்தக் கணக்கை நம்பித்தான் கரைக்கு முன்னால் கல் போடுவதா என்று முடிவெடுக்கிறார்கள். கல் அலையைத் தடுத்தால் பின்னால் சேறு படியும், பாக்காவ் கன்றுகள் வேர் பிடிக்கும். ஆனால் அந்தச் சேறு பக்கத்துக் கம்பத்துக்குப் போகவேண்டியதாக இருந்தால், அங்கே கரை அரிக்கும்.

அதுவரை பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா கேட்டார்: "எப்பம்மா அளந்தீங்க?"

"15 நாள், ஐயா. பெரிய ஏற்றம், சின்ன ஏற்றம் ரெண்டும் வர்ற மாதிரி."

"அதுல சுமத்திரா காத்து அடிச்சுச்சா?"

அவள் பதில் சொல்லவில்லை. விடியற்காலையில் மேற்கேயிருந்து பாய்ந்து, சீக்கிரமே ஓய்ந்துவிடும் காற்று அது. அது அடித்த மறுநாள்தான் பண்டுக்கு முன்னால் மரங்கள் வேர் தெரிய நிற்கும் என்றார் பெரியப்பா. அவள் அளந்த 15 நாளும் கடல் அமைதியாகவே இருந்திருக்கிறது.

கிளம்புமுன் இருவருமாகச் சேற்றில் ஒரு பிவிசி குழாயை ஆழமாக நட்டு, பெயின்டால் கோடு போட்டார்கள். அன்றிலிருந்து பெரியப்பா பழைய பள்ளி நோட்டில் எழுதி வருகிறார்: தேதி, சேற்றின் மட்டம், காற்று அடித்ததா இல்லையா. போன மாதம் பக்கங்களைப் படமெடுத்துத் தோழிக்கு அனுப்பினேன். ஒரு காற்றுக்கு மட்டும் நாலு விரல் சேறு போயிருக்கிறது. அவள் இன்னும் இரண்டு குழாய் நடச் சொல்லியிருக்கிறாள்.