ஒலிவாங்கி எமது கையில்

கிராமத்துப் பொதுநோக்கு மண்டபம். நடமாடும் சேவைக்காக அதிகாரிகள் வந்திருக்கிறார்கள். முன்வரிசையில் கதிரைகள், பின்னால் பாய்கள். காணிப் பத்திரம் பற்றிக் கேட்பதற்காக ஒரு தாய் எழுந்து நிற்கிறார். நாலு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வந்த விடயம் அது. ஒலிவாங்கி அவரது கைக்கு வருகிறது. வாய் திறந்ததும் மண்டபம் முழுவதும் "கீ...ங்" என்று ஓர் ஊளைச் சத்தம். சிலர் காதைப் பொத்துகிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள். சவுண்ட் போட்ட தம்பி ஓடிவந்து, "அக்கா, கிட்டப் பிடிச்சுக் கதையுங்கோ" என்கிறார். அந்தத் தாய் "பரவாயில்லை, நான் பேந்து கதைக்கிறன்" என்று இருந்துவிடுகிறார். அந்தப் "பேந்து" வருவதேயில்லை.

சகோதரிகளே, இது எங்கோ ஓர் ஊரில் நடந்த கதை அல்ல. நாம் பலரும் கண்டதுதான். அவருக்குச் சொல்ல விடயம் இருந்தது, துணிவும் இருந்தது. தடுத்தது ஒரு கருவி. அந்தக் கருவியைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

ஒலிபெருக்கியோடு எமக்குள்ள உறவும் இலேசானதல்ல. இடம்பெயர்வுக் காலங்களில் ஒலிபெருக்கி என்றால் அறிவித்தல், கட்டளை, பெயர் வாசிப்பு. நாம் கேட்டுக்கொண்டிருந்தோம், வேறு யாரோ பேசினார்கள். பின்னர் காலம் எம்மையும் அதன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2010 ஆம் ஆண்டில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அமர்வுகளை நடத்தியபோது பெண்கள் வந்து பேசினார்கள். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது முன்னின்றவர்களில் தாய்மாரே அதிகம். உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடு 2018 பெப்ரவரித் தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஒலிவாங்கியைப் பிடிப்பதும் அதைச் சரிவர இயக்குவதும் எமக்கும் வேண்டிய தொழிலறிவு ஆகும். இந்தக் கட்டுரை கையில் பிடிக்கும் கம்பியில்லா ஒலிவாங்கியைப் பற்றியது.

இது எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்காவின் ஷுவர் கொம்பனி மேடைக் கலைஞர்களுக்கான கம்பியில்லா ஒலிவாங்கித் தொகுதி ஒன்றை 1953 ஆம் ஆண்டிலேயே விற்பனைக்கு விட்டது. இன்று அது கோவில் திருவிழா முதல் பாலர் பாடசாலை வரை வந்துவிட்டது.

இதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று எமது கையில் இருப்பது. அதன் தலையிலுள்ள கம்பிவலைக்குள் ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. நாம் பேசும்போது அது அதிர்ந்து, ஒலியை மின்சாரமாக மாற்றுகிறது. பிடியின் உள்ளே ஒரு சிறிய வானொலி நிலையமே இருக்கிறது. அது எமது குரலை வானொலி அலையாக அனுப்புகிறது. மற்றையது ரிசீவர் பெட்டி. அது அந்த அலையைப் பிடித்து மீண்டும் மின்சாரமாக்கி, வயர் வழியாக மிக்சருக்கோ அம்பிளிபயருக்கோ கொடுக்கிறது. வானொலிப் பெட்டியில் நிலையத்தைத் திருப்பிப் பிடிப்பது போல, இரண்டும் ஒரே அலைவரிசையில் இருந்தால் மாத்திரமே குரல் வந்து சேரும்.

கூட்டத்திற்கு முன்னர்

ஆட்கள் வருவதற்குக் குறைந்தது அரை மணித்தியாலம் முன்னர் வேலையைத் தொடங்குங்கள். பின்வரும் ஒழுங்கைக் கைக்கொண்டால் பெரும்பாலான தொல்லைகள் வரா.

1. முதலில் மிக்சரில் அல்லது அம்பிளிபயரில் ஒலிவாங்கிக்குரிய சத்தத் திருகியை முற்றாகக் குறைத்து வையுங்கள்.

2. ரிசீவர் பெட்டியைப் பேசுபவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் தெரியக்கூடியதாக, ஆட்களின் தலைக்கு மேலான உயரத்தில் வையுங்கள். நிலத்திலோ, இரும்பு அலுமாரிக்குள்ளோ, சுவருக்குப் பின்னாலோ வைக்க வேண்டாம். மனித உடலில் பெரும்பகுதி நீர் என்பதால் அது வானொலி அலையை உறிஞ்சிவிடும். வெறும் மண்டபத்தில் நன்றாக வேலை செய்த கருவி, சனம் நிறைந்ததும் விட்டு விட்டுக் கேட்பதற்கு இது ஒரு காரணம். இரண்டு அன்ரனாக்கள் இருந்தால் அவற்றை எழுத்து "வி" வடிவில் விரித்து விடுங்கள்.

3. ரிசீவரை வயரால் மிக்சருடன் இணையுங்கள். மூன்று ஊசியுள்ள வயருக்கும் ஒற்றை ஜக் வயருக்கும் இடம் இருந்தால், தூரம் அதிகமானபோது மூன்று ஊசியுள்ளதைப் பயன்படுத்துங்கள். அதில் இரைச்சல் குறைவு.

4. கையிலுள்ள ஒலிவாங்கியை நிறுத்தியே வைத்துக்கொண்டு ரிசீவரை மட்டும் போடுங்கள். இப்போது அலை வருவதைக் காட்டும் சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் அந்த அலைவரிசையில் வேறு யாரோ இருக்கிறார்கள். பக்கத்துக் கோவிலின் ஒலிவாங்கியாகவும் இருக்கலாம். விளக்கு எரியாத அலைவரிசை ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். சில பெட்டிகள் தாமே தேடித் தரும்.

5. ஒலிவாங்கியையும் அதே அலைவரிசைக்கு மாற்றுங்கள். சில வகைகளில் இலக்கத்தைக் கையால் மாற்ற வேண்டும். வேறு சிலவற்றில் ஒலிவாங்கியின் சிறிய கண்ணாடிப் பகுதியை ரிசீவருக்கு நேரே கிட்டப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே மாறிக்கொள்ளும். விலை குறைந்தவை பலவற்றில் அலைவரிசை மாற்றவே முடியாது. அது கொம்பனியிலேயே பூட்டப்பட்டு வரும்.

6. ஒலிவாங்கியைப் போடுங்கள். அலை விளக்கு எரியும். சாதாரணமாகப் பேசிப் பாருங்கள். ஒலி விளக்கு துடிக்கும். உரத்துப் பேசும்போது சிவப்பு விளக்கு தொடர்ந்து எரிந்தால் உள்வாங்கும் அளவைக் குறையுங்கள். இல்லாவிட்டால் குரல் கரகரக்கும்.

7. இப்போதுதான் சத்தத் திருகியை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். ஒருவர் பேச, இன்னொருவர் மண்டபத்தின் கடைசிப் பாயில் இருந்து கேட்கட்டும். ஒருவர் மேடையின் எல்லா மூலைக்கும் நடந்து பேசிப் பார்க்கட்டும். குரல் எங்கே விடுபடுகிறதோ அங்கே நிற்கக் கூடாது என்று அறிந்துகொள்ளலாம்.

கூட்டம் முடிந்ததும் இதற்கு எதிர் ஒழுங்கு. முதலில் சத்தத்தைக் குறைத்து, பிறகு ஒலிவாங்கியை நிறுத்தி, கடைசியாக ரிசீவரை நிறுத்துங்கள்.

பிடிக்கும் முறை

பிடியின் நடுவில் பிடியுங்கள். கம்பிவலையைக் கையால் பொத்தினால் கருவி எல்லாப் பக்கச் சத்தத்தையும் வாங்கத் தொடங்கி, ஊளையிடும். பிடியின் அடிப்பகுதியைப் பொத்தவும் வேண்டாம். பல வகைகளில் அலையை அனுப்பும் அன்ரனா அங்கேதான் இருக்கிறது.

வாயிலிருந்து மூன்று நான்கு விரல் அகலத் தூரம் போதும். வாய்க்கு நேரே பிடித்தால் "ப" என்ற எழுத்து வரும் சொற்களில் காற்று அடிக்கும். சற்றுக் கீழே சரித்துப் பிடியுங்கள். தலையைத் திருப்பும்போது ஒலிவாங்கியும் கூடவே திரும்ப வேண்டும். கை நடுங்கினால் முழங்கையை விலாவோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நிலையடியில் பொருத்திவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

எமது பெண்கள் பலர் வெட்கத்தால் ஒலிவாங்கியை நெஞ்சுக்குக் கீழே பிடிக்கிறார்கள். குரல் கேளாது. சவுண்ட் போடுபவர் சத்தத்தைக் கூட்டுவார். உடனே ஊளை வரும். பழி பேசியவர் மேல் விழும். மெல்லிய குரல் உள்ளவர்தான் கருவியைக் கூடுதலாகக் கிட்டப் பிடிக்க வேண்டும். கத்த வேண்டியதில்லை. வீட்டில் கதைப்பது போலக் கதைக்கலாம்.

வேலை செய்கிறதா என்று பார்க்க ஊதவோ தட்டவோ வேண்டாம். உள்ளேயுள்ள மெல்லிய தகட்டிற்கு அது கேடு. "வணக்கம்" என்று சொல்லிப் பாருங்கள்.

ஊளைச் சத்தம் ஏன்?

ஒலிபெருக்கியிலிருந்து வரும் குரல் மறுபடியும் ஒலிவாங்கிக்குள் போய், பெருகி வெளியே வந்து, மறுபடியும் உள்ளே போவதால்தான் அந்தச் சத்தம். பேசுபவரின் குரலில் குற்றம் ஏதுமில்லை. ஒலிபெருக்கிப் பெட்டிகளைப் பேசுபவருக்கு முன்னால், சனத்தைப் பார்த்தபடி வையுங்கள். பெட்டிக்கு முன்னால் ஒலிவாங்கியோடு நடக்க வேண்டாம். ஊளை வந்துவிட்டால் பதறாமல் ஒலிவாங்கியைப் பெட்டிப் பக்கத்திலிருந்து திருப்பி, வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து, சத்தத்தைச் சிறிது குறைக்கச் சொல்லுங்கள்.

பற்றரி

கம்பியில்லா ஒலிவாங்கி பாதிப் பேச்சில் நின்றால், பெரும்பாலும் காரணம் பற்றரிதான். முக்கியமான கூட்டத்திற்குப் புதிய பற்றரி போடுங்கள். மாற்றுச் சோடி ஒன்றும் கையில் இருக்கட்டும். பழையதையும் புதியதையும் கலந்து போட வேண்டாம். திரும்பச் சார்ஜ் பண்ணும் பற்றரியால் செலவு மிச்சம். ஆனால் சாதாரணப் பற்றரி 1.5 வோல்ற், இது 1.2 வோல்ற். ஆகவே ஒலிவாங்கியின் அளவுகாட்டி சரியாகக் காட்டாது என்பதை நினைவில் வையுங்கள். வேலை முடிந்ததும் பற்றரியைக் கழற்றி வையுங்கள். உள்ளே விட்டால் கசிந்து தகடுகளை அரித்துவிடும்.

இரண்டு ஒலிவாங்கிகள்

ஒரே அலைவரிசையில் இரண்டு ஒலிவாங்கிகளை ஒரே நேரத்தில் போடக் கூடாது. ஒன்றையொன்று அடித்து, இரைச்சல்தான் மிஞ்சும். இரண்டுக்கும் வெவ்வேறு அலைவரிசை வேண்டும். எதற்கு எது என்று நிற நாடா ஒட்டி வையுங்கள். பேசாத ஒலிவாங்கியின் சத்தத்தைக் குறைத்து வைத்தால் ஊளையும் குறையும்.

எல்லாப் பேச்சும் ஒலிவாங்கிக்கு உரியதல்ல

இதுவே நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விடயம். கம்பியில்லா ஒலிவாங்கி ஒரு வானொலி நிலையம் என்று சொன்னோம். சாதாரண வகைகளில் குரல் மறைக்கப்படாமலே போகிறது. அதே அலைவரிசைக்குத் திருப்பிய இன்னொரு ரிசீவர் மதிலுக்கு வெளியே இருந்தால், உள்ளே பேசுவதை அங்கேயும் கேட்கலாம். கதவைப் பூட்டினாலும் அலை நிற்காது.

ஆகவே வன்முறைக்கு ஆளான பெண்கள் மனம் விட்டுப் பேசும் கூட்டம், காணாமல் போனவர் பற்றிய சாட்சியம், வீட்டுப் பிரச்சினை, பிள்ளைகளின் விபரம் போன்றவற்றிற்குக் கம்பியில்லா ஒலிவாங்கியைப் பயன்படுத்த வேண்டாம். வட்டமாகக் கிட்ட இருந்து கதையுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் வயர் உள்ளதைப் பயன்படுத்தி, வெளியிலுள்ள ஒலிபெருக்கிகளைக் கழற்றிவிடுங்கள். குரலைக் குறியீடாக்கி அனுப்பும் டிஜிற்றல் வகைகளும் உண்டு. அவற்றின் விலை அதிகம்.

ஒலிவாங்கியைக் கீழே வைக்கும்போது ஆளியை நிறுத்தியே வையுங்கள். மேசையில் போட்ட நிலையில் கிடக்கும் கருவி, பக்கத்தில் இருவர் இரகசியமாகக் கதைப்பதை ஊருக்கே சொல்லிவிடும். ஒருவர் அழத் தொடங்கினால் அவருக்கு முன்னால் ஒலிவாங்கியை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். நிறுத்தி, பக்கத்தில் இருங்கள். எப்போது பேசுவது, பேசாமல் விடுவது என்பது அவருடைய முடிவு.

சங்கத்திற்கு வாங்குவதாயின்

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்று சொந்தமாக வைத்திருந்தால் வாடகைக் காசும் மிச்சம், அயலில் பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழாவுக்குக் கொடுத்துச் சிறு வருமானமும் பெறலாம். வாங்கும்போது அலைவரிசை மாற்றக்கூடியதா, உதிரிப்பாகம் கிடைக்குமா, உத்தரவாதம் உண்டா என்று கேளுங்கள். கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டு உறவினர் பழைய தொகுதியை அனுப்புவதாகச் சொன்னால் ஒரு கவனம் வேண்டும். பல நாடுகளில் 700 மெகா ஹேர்ட்ஸ் பகுதி கைத்தொலைபேசிச் சேவைக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் 600 மெகா ஹேர்ட்ஸ் பகுதியின் பெரும்பங்கை ஒலிவாங்கிகள் 2020 ஜூலையுடன் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அங்கு பயன்படாமற் போனதுதான் சிலவேளை இங்கு அன்பளிப்பாக வரும். எமது நாட்டில் வானொலி அலைப் பாவனையைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கட்டுப்படுத்துகிறது. குறிப்பிட்ட கருவிக்கு அனுமதி உண்டா என்று முதலே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பலர் வாய்க்குக் கிட்டப் பிடிப்பதால் சுத்தமும் முக்கியம். பெரும்பாலான வகைகளில் கம்பிவலையைத் திருகிக் கழற்றலாம். அதையும் உள்ளேயுள்ள பஞ்சையும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பின்னரே பூட்டுங்கள். மற்றைய பகுதியில் தண்ணீர் படக் கூடாது.

அடுத்த கூட்டத்திற்கு முன்னர் ஒரு பின்னேரம் இதற்கென ஒதுக்குங்கள். சங்கத்தில் இருவர் கருவியை இயக்கப் பழகட்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு நிமிடம் பிடித்துப் பேசிப் பழகட்டும். தமது பெயர், ஊர், கேட்க விரும்பும் ஒரு கேள்வி, அவ்வளவும் போதும். முதல் தடவை தமது குரலைத் தாமே பெரிதாகக் கேட்கும்போது பலர் திடுக்கிட்டுச் சிரிப்பார்கள். மூன்றாம் தடவை அந்தக் கூச்சம் போய்விடும்.

பிறகு நடமாடும் சேவை வரும் நாளில், காணிப் பத்திரம் பற்றிக் கேட்க எழும் அந்தத் தாய், பேந்து கதைக்கிறன் என்று இருக்கத் தேவையில்லை. ஒலிவாங்கியைக் கொண்டுபோய் அவரது கையில் கொடுப்பவரும் எம்மில் ஒருத்தியாக இருப்பார்.