உஷார்! ஸ்பேனியல் குட்டியின் சடையில் கத்தரிக்கோலை நுழைக்காதீர்கள்

கையில் கத்தரிக்கோல் இருந்தால் முதலில் அதை மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டுங்கள். மீதியைப் பிறகு பேசலாம்.

காக்கர் ஸ்பேனியல் குட்டிக்கு ஆறு மாதம் தாண்டியதும் மெத்தென்ற குட்டி முடி மெல்ல உதிர்ந்து, பெரிய நாயின் நீள முடி வளரத் தொடங்கும். உதிர்ந்த முடி எல்லாம் தரையில் விழுந்துவிடாது. பாதி, புது முடிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். காதுக்குப் பின்னால், முன்கால் இடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில், விரல்களுக்கு நடுவில் சிக்கு விழும். இரண்டு மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் அது கெட்டிச் சடை. ‘ஒரே வெட்டு, வேலை முடிந்தது’ என்று வீட்டில் யாராவது கிளம்புவது அப்போதுதான்.

அந்த ஒரே வெட்டுதான் ஆபத்து. சடை இறுக இறுக அடித்தோலையும் மேலே இழுத்துக்கொண்டு வரும். முடி என்று நினைத்து நீங்கள் கத்தரியை நுழைக்கும் இடத்தில் தோல் மடிந்து நிற்கும். உடம்பின் மற்ற இடங்களைவிடக் காதில் இது மோசம். ஸ்பேனியலின் காது மடல் எங்கே முடிகிறது, அதற்குக் கீழே தொங்கும் வெறும் முடி எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மடலின் ஓரமோ மெல்லிய தோல், ரத்தக்குழாய் நிறைந்த இடம். கொஞ்சம் பட்டாலும் குட்டி தலையை உதறும். உதற உதற, உறைந்த ரத்தம் மறுபடி உடைந்து சுவரெல்லாம் தெறிக்கும்.

பட்டுவிட்டதா? சுத்தமான துணியால் மடலின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நடுநடுவே எடுத்துப் பார்க்காதீர்கள். காபித் தூள், மஞ்சள் தூள் எதுவும் வேண்டாம். அப்புறம் மடலைத் தலையோடு சேர்த்துத் தளர்வாகத் துணி சுற்றி, கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தையல் தேவையா என்பதை அவர் சொல்லட்டும்.

சிக்கெடுக்க வழி இருக்கிறது, பொறுமைதான் வேண்டும். முடி காய்ந்திருக்கும்போதே உட்காருங்கள். கொஞ்சம் சோள மாவைத் தூவி, சடையை விரலால் நான்கைந்தாகப் பிரியுங்கள். தோல் இழுபடாதபடி அடிப்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முடியின் நுனியிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வேர்ப்பக்கம் வாருங்கள். முதலில் ஸ்லிக்கர் பிரஷ், பிறகு இரும்புச் சீப்பு. சீப்பு தோல்வரை போய்த் தடையில்லாமல் வெளியே வந்தால்தான் சிக்கு போயிற்று என்று அர்த்தம். மேலாகப் பிரஷ் போட்டுப் பளபளப்பாக்கிவிட்டு, அடியில் சடையை அப்படியே விட்டுவைப்பவர்களே அதிகம். எதற்கும் அசையாத சடையை குரூமரிடமோ மருத்துவரிடமோ விட்டுவிடுங்கள். அவர்கள் கிளிப்பரால் எடுப்பார்கள். நீங்களே கிளிப்பர் வாங்கியிருந்தால், அதன் பிளேடு சில நிமிடங்களிலேயே சூடாகிவிடும் என்பது நினைவிருக்கட்டும். அடிக்கடி உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் குட்டிக்கும் சுடும்.

‘முதலில் குளிப்பாட்டினால் சிக்கு இளகும்’ என்பார்கள். நேர்மாறு! நனைந்து காய்ந்த சடை இன்னும் இறுகும், அடித்தோலில் ஈரம் தங்கும். புண் வருவதற்கு அது போதும். சிக்கெடுத்த பிறகுதான் குளியல்.

குளியலிலும் காதுதான் பிரச்சினை. நாயின் காதுக்குழாய் ‘ட’ எழுத்தைப் போலக் கீழே இறங்கி உள்பக்கமாக மடங்குகிறது. உள்ளே போன தண்ணீர் தானாக வராது. மேலே கனமான மடல் வேறு மூடிக்கொண்டிருக்கிறது. சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் கேட்கவே வேண்டாம். ஈஸ்டும் பாக்டீரியாவும் கொண்டாட்டம் போடும். தலையில் மக்கால் ஊற்றாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். காதுக்குள் பட்ஸ் விடாதீர்கள், அழுக்கு இன்னும் உள்ளே போகும். புளித்த வாடை, பழுப்பு நிற அழுக்கு, ஓயாத சொறிதல், தலையை ஒரு பக்கமாகவே சாய்த்து வைத்தல், இதில் எது தெரிந்தாலும் கைவைத்தியம் கிடையாது. மனித ஷாம்பு, சீயக்காய் இரண்டும் வேண்டாம். டிரையரைச் சூட்டில் வைக்காதீர்கள். டவலால் ஒற்றி எடுத்து, காற்றாடிக்கு முன்னால் வேர்வரை உலரவிடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்து வந்தாலும் இதே வேலைதான்.

இனி எனக்கு நிஜமாகவே கோபம் வரும் இடம். உண்ணி ஏறிய குட்டியைப் பினாயில் கலந்த தண்ணீரில் குளிப்பாட்டுகிறார்கள். மண்ணெண்ணெய் தடவுகிறார்கள். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துத் தேய்த்துவிட்டு, இயற்கை வைத்தியம் என்று பெருமை வேறு. மூன்றும் நாய்க்கு விஷம். தோல் வெந்துபோவது ஒரு பக்கம், குட்டி தன்னைத்தானே நக்கி வயிற்றுக்குள் அனுப்புவது இன்னொரு பக்கம். பெரிய நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கண்ணளவில் பாதியாக்கி ஊற்றுவதும் இதே ரகம்தான். எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் குட்டியின் வயதையும் எடையையும் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கண்ணில் பட்ட உண்ணியை டிவீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், நசுக்காதீர்கள். ஸ்பேனியலில் அது காது மடலின் உள்பக்கத்திலும் விரல் இடுக்கிலும் ஒளிந்திருக்கும். உண்ணி பரப்பும் எர்லிக்கியா காய்ச்சல் ரத்தத்தைப் பாதிப்பது. குட்டி சாப்பாட்டைத் தொடவில்லை, ஈறு வெளுத்திருக்கிறது, மூக்கில் ரத்தம் வருகிறது என்றால் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று சொல்லாதீர்கள்.

சித்திரை வெயில் வந்ததும் மொட்டை போடும் பழக்கமும் இருக்கிறது. ஒட்ட வழித்தால் வெயில் நேரே தோலில் விழும். முதுகு முடி மறுபடி பழைய மாதிரி வளராமல் போவதும் உண்டு. வயிற்றுப்பக்கம், பாதம், காதின் உள்பக்க மேல்பகுதி ஆகியவற்றில் குறைத்துக்கொண்டால் போதும்.

சாப்பிடும்போது காது தட்டில் விழுகிறது என்று ரப்பர் பேண்டால் கட்டுகிறவர்களே, மறந்து விட்டுவிட்டால் ரத்த ஓட்டம் நின்று மடல் அழுகிவிடும்! குறுகலான வாய் உள்ள ஆழக் கிண்ணம் வாங்குங்கள். மேசைமேல் நிறுத்தி வாருகிறீர்கள் என்றால், போன் அடித்தாலும் கையை எடுக்காதீர்கள். குதித்தால் கால் உடையும்.

வலித்தால் குட்டி கடிக்கும். ‘நம்ம வீட்டுக் குட்டிதானே’ என்று துடைத்துவிட்டுப் போகாதீர்கள், முக்கியமாக ரேபிஸ் தடுப்பூசி இன்னும் போடாத குட்டி என்றால். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பல் பதிந்ததா, வெறும் கீறலா என்று வீட்டுக்குள் பஞ்சாயத்து நடத்தாமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம்.