தெருவுக்குப் புதிதாக வந்த நாய்

தீபாவளிக்கு மறுநாள் விடிகாலை. எங்கள் தெருமுனையில் நின்ற குட்டி யானை வண்டிக்கு அடியில் ஒரு நாட்டு நாய் பதுங்கியிருந்தது. பால் வாங்கப் போனவர்கள் தெருநாய் என்றே நினைத்துக் கடந்து போனோம். குனிந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, கழுத்தைச் சுற்றி முடி அமுங்கி ஒரு கோடு. பட்டை கிடந்த தடம். நகங்களும் நீளமாக இருந்தன. நாளெல்லாம் தார் ரோட்டில் திரியும் நாய்க்கு நகம் தேய்ந்து போயிருக்கும். வெடிச் சத்தத்துக்கு மிரண்டு, பட்டையை உருவிக்கொண்டு ஓடிவந்த வீட்டு நாய் அது. இரண்டு தெரு தள்ளி ஒரு குடும்பம் ராத்திரியெல்லாம் டார்ச் அடித்துத் தேடியிருக்கிறது.

தெருவுக்குப் புதிதாக ஒரு நாய் வந்தால் தயவுசெய்து விரட்டாதீர்கள். விரட்டினால் மெயின் ரோட்டைத் தாண்டி ஓடிவிடும், அப்புறம் கிடைப்பது கஷ்டம். பாய்ந்து பிடிக்கவும் வேண்டாம். பயந்த நாய் கடிக்கும். சற்றுத் தள்ளித் தண்ணீரும் கொஞ்சம் சோறும் வைத்துவிட்டு, அதன் கண்ணைப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்காருங்கள். படம் எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். அதைவிட, இஸ்திரி வண்டிக்காரரிடமும் தூய்மைப் பணியாளரிடமும் கேளுங்கள். எந்த வீட்டில் எந்த நாய் என்பது அவர்களுக்குத்தான் அத்துபடி. நாய் ஒத்துழைத்தால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் மைக்ரோசிப் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்யச் சொல்லலாம். அதில் வரும் 15 இலக்க எண்ணைப் பதிவு செய்திருந்தால் உரிமையாளரைக் கண்டுபிடித்துவிடலாம்.

படம் போடும்போது ஏதாவது ஓர் அடையாளத்தை மறைத்து வையுங்கள், வயிற்றில் உள்ள மச்சமோ வால் நுனி வெள்ளையோ. உரிமை கொண்டாடி வருபவரிடம் அதைக் கேட்கலாம். "அழகா இருக்கே, நாமளே வெச்சுக்கலாம்" என்ற ஆசை வரும். சட்டப்படி வளர்ப்பு நாய் அதன் உரிமையாளரின் உடைமை. யாருடையது என்று தெரிந்தும் கொடுக்காமல் வைத்துக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவில் வழக்கு வரலாம். தண்டனை 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை.

தொலைத்தவர்கள் முதல் நாளே காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள். பூனை என்றால் தூரம் போகத் தேவையில்லை. பயந்த பூனை பெரும்பாலும் நாலைந்து வீட்டுக்குள்ளேயே, மாடிப்படிக்கு அடியிலோ மோட்டார் ரூமிலோ ஒளிந்திருக்கும். ஊர் அடங்கிய பிறகு டார்ச்சோடு போனால் கண் மின்னும். "உங்க நாய் எங்கிட்டதான் இருக்கு, வண்டிக்குப் பணம் அனுப்புங்க" என்று போன் வந்தால் முதலில் வீடியோ காலில் நாயைக் காட்டச் சொல்லுங்கள். தவிப்பில் இருப்பவர்களிடம் காசு பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வளர்த்ததை வேண்டாம் என்று தாங்களே கொண்டுபோய் விட்டவர்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. வளர்த்த விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் முதல் முறைக்கு அபராதம் 50 ரூபாயைத் தாண்டாது. விஷம் வைத்துக் கொன்றால் அப்படி இல்லை. நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு.

புதிதாக வந்த நாயின் காது நுனியில் சிறு வெட்டு இருந்தால் அது கருத்தடை செய்து ரேபிஸ் தடுப்பூசி போட்ட தெருநாய். தெருநாய்க் கட்டுப்பாட்டுக்கான 2023 விதிகளின்படி அதைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடவேண்டும். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் விலக்கு அளித்தது. காதில் வெட்டு இல்லாத நாய்கள் பெருகினால் சென்னைக்காரர்கள் 1913-க்குப் புகார் செய்யலாம்.

அன்றைக்கு வண்டிக்கு அடியிலிருந்து நாயை வெளியே எடுத்த பையனுக்குக் கையில் லேசாகப் பல் பட்டது. சாதுவான நாய்தானே என்று அவன் மஞ்சள் வைக்கப் போனான். அந்த நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்குத் தெரியும்? மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் கூடாது. குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். அரசு மருத்துவமனையில் ரேபிஸ் தடுப்பூசி இலவசம். காயத்தில் ரத்தம் வந்திருந்தால், கடிபட்ட இடத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தையும் கேட்டு வாங்குங்கள். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். கடித்த நாளில் ஒரு தவணை ஊசி, அப்புறம் 3, 7-ஆம் நாட்கள். தோலில் போடும் முறையில் கடைசி ஊசி 28-ஆம் நாள். பையனுக்கு அதற்குள் காயத்தின் தடமே மறைந்துவிட்டிருந்தது. அவன் அம்மா காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார், அன்று பள்ளிக்கு லீவு சொல்லிக் கூட்டிப் போனார்.