பதினோரு காலடி

மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, கட்டிலிலிருந்து கழிப்பறைவரை காலடி வைத்து அளந்து பார்த்தேன். பதினொன்று. மாமாவுக்கு வயது 62. நிமோனியா முற்றி 18 நாள் ஐசியூவில் இருந்தவர். அதில் 9 நாள் வென்டிலேட்டர். காய்ச்சலில் விழுவதற்கு முந்தின நாள்வரை சைக்கிளில் மார்க்கெட் போய் வந்த மனிதர், அந்தப் பதினோரு அடிக்கு நடுவில் ஒரு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க? ஒரு குரல் குடுத்தா நான் வர மாட்டேனா?" என்று அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

அடுத்த ஒரு மாதம் அந்த வீட்டில் இதுதான் சண்டை. அத்தை பக்கம் அன்பு இருந்தது. ஆனால் அறிவியல் மாமாவின் பக்கம் இருந்தது.

ஐசியூவில் தசை எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதை பிரிட்டனில் ஒரு குழு அளந்து பார்த்திருக்கிறது. தீவிர சிகிச்சையிலிருந்த 63 பேரின் முன்தொடைத் தசையை அல்ட்ராசவுண்ட் வைத்து அளந்தார்கள். பத்தாம் நாளில் அதன் குறுக்குப் பரப்பு சராசரியாக 17.7% குறைந்திருந்தது. அந்த ஆய்வு 2013இல் வெளியானது. ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் செயலிழந்தவர்களுக்கு இழப்பு இன்னும் அதிகம். கடுமையான தொற்று வந்தால் நோய் எதிர்ப்புக்கும் புண் ஆறுவதற்கும் உடம்புக்குப் புரதம் தேவைப்படுகிறது. வாய்வழிச் சாப்பாடு நின்றுபோன நிலையில், கையில் இருக்கும் சேமிப்பு தசைதான். உடம்பு அதை உடைத்துச் செலவழிக்கிறது. அசையாமல் கிடப்பதால் புதுத் தசை உருவாவதும் குறைகிறது. ஒரு பக்கம் செலவு, மறு பக்கம் வரவு இல்லை.

நோயே இல்லாமல் வெறுமனே படுத்திருந்தாலும் இது நடக்கும். அமெரிக்காவில் சராசரியாக 67 வயதுள்ள ஆரோக்கியமான சிலரைப் பத்து நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ கொழுப்பற்ற திசு போய்விட்டது. இதைவிட அதிரவைப்பது 1966இல் டல்லாஸில் நடந்த பரிசோதனை. இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேர் மூன்று வாரம் படுத்திருந்தார்கள். அதே ஐந்து பேரை முப்பது வருஷம் கழித்துத் தேடிப்பிடித்து மறுபடி சோதித்தார்கள். முப்பது வருஷ முதுமை அவர்களுடைய உடல் உழைக்கும் திறனைக் கெடுத்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் கெடுத்திருந்தது.

"நல்லா படுத்து ரெஸ்ட் எடு" என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் மட்டும் சொல்லவில்லை. ஒரு காலத்தில் டாக்டர்களே எழுதிக்கொடுத்த மருந்து அது. மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். 1952இல் பாஸ்டனைச் சேர்ந்த சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லவுன் என்ற இரண்டு மருத்துவர்கள் மாரடைப்பு நோயாளிகளைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, அவர்கள் நன்றாகவே தேறினார்கள் என்று எழுதினார்கள். வெறும் நாற்காலி! இன்றைக்கு ஐசியூவிலேயே முடிந்தவரை சீக்கிரம் எழுப்பி உட்காரவைக்கப் பார்க்கிறார்கள் என்றால், அந்த மாற்றத்துக்கு வழிவிட்டதில் அந்த நாற்காலிக்கும் பங்கு உண்டு.

எங்கள் வீட்டிலும் நாற்காலிதான் முதலில் வந்தது. பிசியோதெரபி பார்க்க வந்த தம்பி கருவி எதுவும் கொண்டுவரவில்லை. சுவரோரமாக ஒரு கெட்டியான மர நாற்காலியைப் போடச் சொன்னார். "அதிலிருந்து எழுந்து நிக்கணும், மறுபடி உக்காரணும். இன்னிக்கு மூணு தடவை போதும்." அவ்வளவுதான் பயிற்சி. உட்கார்ந்து எழும்போது தொடையின் பெரிய தசைகள் முழு உடம்பையும் தூக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் விழாமல் நடமாடத் தேவைப்படுவதும் அதே தசைகள்தான். எடை தூக்காத தசைக்கு, வளரச் சொல்லி உத்தரவு போகாது.

படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது என்பதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிஷம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். பல நாள் படுத்தே கிடந்த உடம்பில், எழுந்ததும் ரத்தம் காலில் தேங்கிவிடும். ரத்த அழுத்தம் சரிந்து கண்ணை இருட்டும். கெண்டைக்கால் தசை அசைந்தால் அது ரத்தத்தை மேலே தள்ளிவிடும். நடக்கும்போது பேச்சு வர வேண்டும். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிட வேண்டும். இப்படி வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை.

அடுத்த சண்டை கஞ்சிக்கு. நோயாளி என்றால் கஞ்சி, ரசஞ்சாதம், பிரெட்டும் பாலும். பருப்பு வாயு, முட்டை சூடு, தயிர் சளி. பத்தியத்தைக் குறை சொல்ல எனக்கு ஆசையில்லை. வாய்க்கசப்போடு கிடப்பவருக்குக் கஞ்சிதான் இறங்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும். ஒரு பிடி அரிசியில் காய்ச்சிய ஒரு டம்ளர் கஞ்சியில் இரண்டு கிராம் புரதம் தேறலாம். ஆரோக்கியமான ஒருவருக்கே நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும் என்கிறது நம் ஐசிஎம்ஆர் பரிந்துரை. நோயுற்ற முதியவர்களுக்கு 1.2 முதல் 1.5 கிராம் என்பது நிபுணர்கள் சொல்லும் அளவு. மாமா 58 கிலோவுக்கு இறங்கியிருந்தார். அப்படியானால் குறைந்தது 70 கிராம். கஞ்சியிலேயே அதை எட்டுவதென்றால் முப்பத்தைந்து டம்ளர். ஒரு முட்டையில் 6 கிராம். கஞ்சியில் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துச் சேர்க்கலாம், நடுவில் கெட்டித் தயிர், மாலையில் மசித்த சுண்டல். பசி குறைவாக இருப்பதால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கை டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டுவோம். வென்டிலேட்டர் குழாய் தொண்டையில் பல நாள் இருந்தவருக்குப் புரை ஏறுவது அப்படி விட்டுவிடக்கூடிய விஷயமில்லை. விழுங்கும் தசைகள் தளர்ந்திருக்கும்; தண்ணீர்கூட மூச்சுக்குழாயில் இறங்கி மறுபடி நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். படுக்கவைத்து ஸ்பூனில் ஊட்டவே கூடாது. நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். குடிக்கும்போதெல்லாம் இருமல் வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு ராத்திரி மாமா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "என்னைய எதுக்குடா லாரியில கட்டி வச்சிருந்தீங்க?"

ஐசியூவில் இருந்தவர்களிடம் இதுபோன்ற கதைகள் நிறைய உண்டு. தொற்று, மயக்க மருந்து, தூக்கமின்மை, இரவு பகல் தெரியாத வெளிச்சம் எல்லாம் சேர்ந்து மூளையைக் குழப்பிவிடுகின்றன. டெலிரியம் என்கிறார்கள். 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், தீவிர சிகிச்சை பெற்ற 821 பேரில் 74% பேருக்கு அது வந்திருந்தது. மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது நான்கில் ஒருவருடைய நினைவும் சிந்தனையும் ஆரம்பகட்ட அல்சைமர் நோயாளியின் அளவில் இருந்தன. பலர் தேறிவிடுகிறார்கள். ஆனால் அந்த நாட்களைப் பற்றி அவர்களிடம் மிஞ்சுவது உண்மை நினைவல்ல, துண்டு துண்டான பயங்கரக் கனவு. வீட்டில் இருப்பவர்கள் "அதெல்லாம் இப்ப எதுக்கு, விடுங்க" என்று பேச்சை மாற்றிவிடுகிறோம்.

ஸ்காண்டிநேவிய நாடுகளில் நர்ஸ்கள் ஒரு வேலை செய்தார்கள். நினைவில்லாமல் கிடப்பவருக்காக ஒரு நாட்குறிப்பு எழுதினார்கள்: இன்று என்ன நடந்தது, யார் வந்து பார்த்தார்கள், வெளியே மழை பெய்ததா என்பது வரைக்கும். தேறியபின் அதை அவர் கையிலேயே கொடுத்தார்கள். ஆறு ஐரோப்பிய நாடுகளில் 352 பேரிடம் இதைச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். குறிப்பைப் பெற்றவர்களில் 5% பேருக்குத்தான் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தம் புதிதாக வந்தது. பெறாதவர்களில் 13% பேருக்கு.

எங்களுக்கு அப்படி யாரும் எழுதித் தரவில்லை. அத்தையின் கணக்கு நோட்டு இருந்தது. மருந்துக்கு இவ்வளவு, ஆட்டோவுக்கு இவ்வளவு, நடுநடுவே ஒரு வரி: 'கண்ணைத் திறந்தாங்க'. அதையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்திகளையும் வைத்து, 18 நாளையும் ஒரு பழைய டைரியில் தேதிவாரியாக எழுதத் தொடங்கினேன்.

அத்தையின் நோட்டைப் புரட்டியபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. அவருடைய பிரஷர் மாத்திரை அந்த மாதக் கணக்கில் இல்லவே இல்லை. மாமாவைப் பார்த்துக்கொண்டதில் தன்னை மறந்துவிட்டார். வென்டிலேட்டரிலிருந்து மீண்டவர்களைக் கவனித்துக்கொண்ட 280 பேரைக் கனடாவில் ஆராய்ந்தார்கள். ஆரம்பத்தில் 67% பேரிடமும், ஒரு வருஷம் கழித்தும் 43% பேரிடமும் மனச்சோர்வின் அறிகுறிகள் கடுமையாக இருந்தன. அன்றிலிருந்து ராத்திரி முறை எனக்கு, அத்தைக்குத் தூக்கம்.

இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். மூன்றாம் மாதத்தில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டலாம். பெரிய நோய்க்குப் பின் அது வழக்கம், திரும்ப முளைத்துவிடும். ஆனால் புதிதாகக் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் மூச்சிறைப்பு, சிறுநீர் குறைவது, திடீர்க் குழப்பம் இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கடுமையான தொற்றால் உறுப்புகளே பாதிக்கப்படும் செப்சிஸிலிருந்து மீண்டவர்களில் ஏறக்குறைய 40% பேர் 90 நாளுக்குள் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக நேர்கிறது.

டைரியை எழுதி முடித்து மாமாவிடம் கொடுத்தபோது ஆறு வாரம் ஆகியிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். ஏழாம் நாளில் நின்றுவிட்டார். 'கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஸ்கேனுக்குப் போனார்கள். கை கட்டியிருந்தது, குழாயைப் பிடுங்காமலிருக்க.'

"இதான் அந்த லாரியா?" என்றார்.

பிறகு, இங்கே வெளிச்சம் பத்தவில்லை என்று சொல்லி, டைரியோடு எழுந்து வாசல் பக்கம் நடந்தார். கழிப்பறையைவிட அது தூரம். அத்தை பதறிப் பாதி எழுந்தார், என்னைப் பார்த்தார், அப்படியே உட்கார்ந்துகொண்டார்.