போல்ட்டை முறுக்கினால் ஒழுக்கு நிற்காது

பழைய அம்பாசிடர் நிற்கிற இடத்தில் தரையில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தால், குனிந்துகூடப் பார்க்காமல் "சம்ப் பேக்கிங் போச்சு" என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். டீயைக் குடித்துவிட்டு நாமே குனிந்து பார்ப்போம். பல நேரம் குற்றவாளி சம்ப் பேக்கிங்காக, அதாவது என்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியின் பேக்கிங்காக, இருக்காது.

நான் சொல்வது 1489 சிசி பெட்ரோல் என்ஜின், பிஎம்சி பி சீரிஸ் வம்சம். பிறகு வந்த 1.8 லிட்டர் இசுசு என்ஜினுக்குக் கணக்கு வேறு. இந்தப் பழைய என்ஜினின் பக்கவாட்டில், மேனிபோல்டுக்கு அடியில், டேப்பட் மூடிகள் இரண்டு உண்டு. அவற்றுக்கும் கார்க் பேக்கிங்தான். பின்பக்க மூடிக்குக் கை எட்டாது என்பதால் அதை யாரும் தொடுவதில்லை. அங்கே கசிகிற ஆயில் பிளாக் ஓரமாக வழிந்து, சம்ப் விளிம்பில் தேங்கி, அங்கிருந்து சொட்டும். பழி சம்ப்பின் மேல்.

பின்கோடியில் இன்னொரு வழி இருக்கிறது. கிராங்க் ஷாப்டின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. திருகு மாதிரி வெட்டிய காடி, ஷாப்ட் சுற்றச் சுற்ற ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். என்ஜின் நின்றால் அந்த வேலையும் நிற்கும். அங்கே கசிவது கிளட்சை மூடும் பெல் ஹவுசிங்குக்குள் இறங்கும். அதனால் பெல் ஹவுசிங்கின் அடியிலிருந்து சொட்டினால் சம்ப்பைக் கழற்றிப் பயனில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? என்ஜினின் அடியையும் பக்கத்தையும் டீசல் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காய விடுங்கள். மேலே முகப் பவுடரைத் தூவுங்கள். வண்டியைச் சற்று நேரம் ஓடவிட்டுப் பார்த்தால் வெள்ளையில் கறுப்புக் கோடு எந்த உயரத்தில் தொடங்குகிறதோ அதுதான் இடம். அப்படியே ஐட்லிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது பிரீதர் அடைத்திருக்கிறது. உள்ளே காற்றழுத்தம் ஏறினால் எவ்வளவு நல்ல பேக்கிங்கையும் அது தள்ளிவிடும்.

சரி, சம்ப்தான் என்று உறுதியாகிவிட்டது. உடனே ஸ்பேனரை எடுத்து முறுக்கத்தான் கை துறுதுறுக்கும். வேண்டாம். அவை சிறு போல்ட்டுகள். சுமார் 6 பவுண்டு-அடி இறுக்கம் போதும், குட்டை ஸ்பேனரில் மணிக்கட்டு பலம் மட்டுமே. அதற்கு மேல் போனால் கார்க் நசுங்கிப் பிதுங்கும். சம்ப்பின் தகர விளிம்பு போல்ட் ஓட்டையைச் சுற்றி மேடு தட்டும். இரண்டு போல்ட்டுக்கு நடுவே இடைவெளி விழும். முன்பு வியர்த்த இடம் இப்போது ஒழுகும்.

ஆயிலை வடித்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்) சம்ப்பை இறக்கினால் முக்கால் பங்கு வேலை சுத்தம் செய்வதுதான். பழைய கார்க்கைத் துளி விடாமல் சுரண்டுங்கள். விளிம்பை இரும்புக் கட்டையில் வைத்து, ஓட்டைகளைச் சுற்றியுள்ள மேட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டி, ஸ்டீல் ஸ்கேல் வைத்து மட்டம் பாருங்கள். இதைப் பல பட்டறைகள் செய்வதில்லை. மூன்று மாதத்தில் வண்டி திரும்பி வருவதற்கு அதுவே காரணம். ஆயில் பம்ப்பின் சல்லடையையும் கழுவுங்கள். அடியில் தேங்கிய கசடை விரலால் தேய்த்துப் பாருங்கள். செதில் செதிலாக உலோகம் மின்னினால் கவலைப்பட வேண்டியது பேரிங்குக்காக.

பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பேக்கிங், முன்னும் பின்னும் மெயின் பேரிங் மூடியின் வளைவுக்குக் கார்க் பட்டை. பட்டை விளிம்பை விட இம்மி தூக்கி நிற்க வேண்டும், அமுங்கும்போதுதான் அடைக்கும். நாலு மூலையில், பட்டையும் பேக்கிங்கும் சந்திக்கும் இடத்தில் மட்டும், சிலிக்கான் பேஸ்ட் ஒரு பொட்டு. டியூபையே பிதுக்கினால் மிச்சம் உள்ளே உதிர்ந்து சல்லடையை அடைக்கும். ஆயில் பம்ப் பட்டினி கிடக்கும். எல்லா போல்ட்டையும் கையால் பிடித்த பிறகு, நடுவிலிருந்து ஓரத்துக்கு மாற்றி மாற்றி, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். பேஸ்ட் ஒரு ராத்திரி காயட்டும்.

சில நாள் ஓடியபின் கார்க் சற்று அமுங்கியிருக்கும். அப்போது ஒரு சுற்று அதே 6 பவுண்டு-அடிக்கு சரிபாருங்கள். அதன் பிறகும் பெல் ஹவுசிங் அடியில் எப்போதாவது ஒரு சொட்டு விழுந்தால் விட்டுவிடுங்கள். அதற்காக என்ஜினை இறக்கச் சொல்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். வாரம் ஒரு தடவை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், போதும்.